டி.என்.ஏ. சொல்வதும் சொல்லாததும்

ஜெர்மனியின் ஹைல்புரோன் நகரில் 2007ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இளம் பெண் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் அமர்ந்திருந்த காவல் வாகனத்தில் சேகரித்த நுண்ணிய தடயத்தை ஆராய்ந்தபோது, யாரோ ஒரு பெண்ணின் டி.என்.ஏ. தென்பட்டது. அதே டி.என்.ஏ. ஏற்கெனவே வேறு பல வழக்குகளிலும் பதிவாகியிருந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்சு ஆகிய மூன்று நாடுகளில் நடந்த ஏறக்குறைய நாற்பது குற்றங்களில் அவளுடைய சுவடு இருந்தது. கொலை நடந்த இடத்திலும் இருந்தது; சாதாரணத் திருட்டு நடந்த இடத்திலும் இருந்தது. ஆனால், அவளை நேரில் கண்டவர் எவருமில்லை. செய்தித்தாள்கள் அவளை 'ஹைல்புரோன் மாயாவி' என்று அழைத்தன. அவளைப் பற்றித் துப்புக் கொடுப்போருக்கு 300,000 யூரோ சன்மானம் அறிவிக்கப்பட்டது.

2009ஆம் ஆண்டு அந்த மாயாவியின் புதிர் எதிர்பாராத விதமாக விடுபட்டது. தீயில் கருகி இறந்த ஓர் ஆடவரை அடையாளம் காண, அவர் முன்பு கொடுத்திருந்த விண்ணப்பத் தாளில் பதிந்த விரல்ரேகையை அதிகாரிகள் சோதித்தனர். அதிலும் அப்பெண்ணின் டி.என்.ஏ.வே கிடைத்தது! ஆணின் விரல்ரேகையில் பெண்ணின் டி.என்.ஏ. எப்படி வந்தது? வேறொரு பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து மீண்டும் சோதித்தபோது அது காணப்படவில்லை. அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. தடயம் சேகரிக்கப் பயன்பட்ட பஞ்சுக் குச்சிகளைப் பொட்டலமிடும் தொழிற்சாலையில் பணிபுரிந்த பெண் ஒருவரின் டி.என்.ஏ. அது. அக்குச்சிகள் கிருமி நீக்கம் செய்யப்பட்டவைதாம். ஆனால், கிருமிகளைக் கொல்வது வேறு, டி.என்.ஏ.வை அகற்றுவது வேறு.

இல்லாத ஒருத்தியைக் காவல் துறை ஆண்டுக்கணக்கில் தேடியது. பெண் காவலரைச் சுட்டவர்கள் நவநாஜிக் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்பது 2011ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. இத்தனைக்கும் ஆய்வுக்கூடம் தவறான முடிவு எதையும் சொல்லவில்லை. குச்சியில் இருந்த டி.என்.ஏ.வை அது சரியாகவே படித்தது. அது எப்படி அங்கு வந்தது என்று கேட்கத்தான் நெடுங்காலம் ஆளில்லை.

மனித உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ.வைக் கொண்டு ஆளை அடையாளம் காணலாம் என்பதைப் பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழக அறிவியலாளர் அலெக் ஜெஃப்ரிஸ் 1984ஆம் ஆண்டு கண்டறிந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், இரண்டு சிறுமியர் கொலையுண்ட வழக்கில் காவல் துறை அவருடைய உதவியை நாடியது. பதினேழு வயது இளைஞன் ஒருவன் ஒரு கொலையை ஒப்புக்கொண்டிருந்தான். ஆனால், அவன் குற்றவாளி அல்லன் எனச் சோதனை காட்டியது. குற்ற வழக்கில் டி.என்.ஏ. முதன்முதலில் செய்த வேலை, ஒருவனைச் சிறைக்கு அனுப்பியது அன்று. ஒருவனைச் சிறையிலிருந்து மீட்டது என்பதைப் பலர் அறியார். உண்மைக் குற்றவாளி பின்னர் பிடிபட்டு 1988ஆம் ஆண்டு தண்டனை பெற்றான்.

இத்தகைய ஆற்றல் கொண்ட சான்றைக் கையாள்பவர்கள் அதைப் புரிந்துகொள்ள வேண்டாமா? அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசுத் திட்டம் ஒன்று, காவலர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் நீதிபதிகளுக்கும் டி.என்.ஏ. பற்றிய பயிற்சி அளிப்பதையும் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. பிரிட்டனில் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி, நீதிபதிகளுக்கென்றே எளிய வழிகாட்டி நூல் ஒன்றை 2017ஆம் ஆண்டு வெளியிட்டது. மலேசியாவிலும் 2009ஆம் ஆண்டு டி.என்.ஏ. அடையாளச் சட்டம் இயற்றப்பட்டது.

புலனாய்வு அதிகாரிகள் கற்பவை பெரும்பாலும் கைப்பழக்கம் சார்ந்தவை. ஒரு தடயத்தைத் தொட்ட கையுறையோடு அடுத்ததைத் தொடக்கூடாது. முகக்கவசம் அணியாமல் தடயத்தின் அருகே பேசவோ தும்மவோ கூடாது. பேசும்போது தெறிக்கும் உமிழ்நீரே போதும், அதிகாரியின் டி.என்.ஏ. அதில் கலந்துவிடும். இரத்தக்கறை படிந்த ஈரத் துணியை உலர்த்தித் தாள் பையில் இட வேண்டும். பிளாஸ்டிக் பையில் இட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, நுண்ணுயிர்கள் பெருகி டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். பை யாரிடமிருந்து யாரிடம் எப்போது சென்றது என்பதையும் ஒவ்வொரு முறையும் எழுதி வைக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால், அந்த ஏட்டில் ஒரு வரி விடுபட்டால் நீதிமன்றத்தில் வழக்கே ஆட்டங்காணலாம்.

வழக்கறிஞர்களுக்கு மிகுந்த சிக்கல் தருவது எண்களே. ஒரு மில்லியன் பேரில் ஒருவருக்கு மட்டுமே இந்த டி.என்.ஏ. அமைப்பு இருக்கும் என்று நிபுணர் சொல்கிறார் எனக் கொள்வோம். உடனே, "அப்படியானால் இவர் நிரபராதியாக இருக்க ஒரு மில்லியனில் ஒரு வாய்ப்புதான்" என்று வாதிடத் தோன்றும். இது பிழையான வாதம். 1996ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை எளிதாக விளக்கியது. நாட்டில் 26 மில்லியன் ஆண்கள் இருந்தால், அந்த அமைப்பு ஏறத்தாழ 26 பேரிடம் இருக்கக்கூடும். வேறு சான்று எதுவும் இல்லையென்றால், கூண்டில் நிற்பவர் அந்த இருபத்தாறு பேரில் ஒருவர் மட்டுமே. இன்றைய சோதனைகள் தரும் எண்கள் இதைவிடப் பன்மடங்கு பெரியவை. ஆயினும் கணக்கின் அடிப்படை மாறவில்லை.

எண் சரியாக இருந்தாலும் கேள்வி முடிந்துவிடுவதில்லை. 2012ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கலிஃபோர்னியாவில் செல்வந்தர் ஒருவர் தம் வீட்டிலேயே கொள்ளையரால் கொல்லப்பட்டார். அவருடைய நகங்களில் இருந்த டி.என்.ஏ., வீடற்ற ஏழை ஒருவருடையதோடு பொருந்தியது. அவர் கைதானார். குடிப்பழக்கம் உள்ள அவருக்கு அந்த இரவில் நடந்தது எதுவும் நினைவில் இல்லை. தாமே கொன்றிருப்போமோ என்று அவரே ஐயுறும் நிலை. குற்றம் உறுதியானால் மரண தண்டனை கூடக் கிடைத்திருக்கும்.

தற்காப்புத் தரப்பினர் டி.என்.ஏ. முடிவை மறுத்து நேரத்தை வீணாக்கவில்லை. அந்த இரவில் அவர் எங்கே இருந்தார் என்று தேடினர். மருத்துவமனைப் பதிவேடு விடையளித்தது. கொலை நடந்த நேரத்தில் அவர் மிகுந்த போதையில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். அவரை அங்கு ஏற்றிச் சென்ற மருத்துவ உதவியாளர்கள்தாம், சில மணி நேரம் கழித்துக் கொலையுண்டவருக்கு உதவவும் சென்றிருந்தனர். நாடித்துடிப்பை அறிய விரலில் மாட்டும் கருவி வழியாக ஒருவரின் டி.என்.ஏ. மற்றவரின் விரலுக்குச் சென்றிருக்கலாம் எனக் கருதப்பட்டது. ஏறத்தாழ ஐந்து மாதங்கள் சிறையில் இருந்தபின் அவர் விடுவிக்கப்பட்டார்.