ஏரி வற்ற வற்றப் பறவை நெருங்கும்

கேள்வி: போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கல் போயிருந்தேன். என்னிடம் இருப்பது 70-300 மி.மீ. லென்ஸ். மரம் கொள்ளாத நாரைகள், கொக்குகள். ஆனால் வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் கொக்கெல்லாம் வெளுத்துப்போய்க் கிடக்கிறது, நீர்க்காகம் வெறும் கறுப்புத் திட்டாகத் தெரிகிறது. தூரத்தில் நீந்திய வாத்துகளில் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. 600 மி.மீ. லென்ஸ் இல்லாமல் பறவைப் படமே எடுக்க முடியாது என்கிறார் நண்பர். விலை ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. வாங்கிவிடலாமா? பறவையோடு ஏரியும் வானமும் சேர்ந்து வருகிற மாதிரி எடுக்கவும் ஆசை. அதற்கு என்ன செய்ய வேண்டும்?

- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் குறைகளில் எதுவும் லென்ஸின் நீளம் போதாமல் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தெளிவில்லாத வாத்துகளை முதலில் எடுத்துக்கொள்வோம். எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்தில் கிளம்பி, வழியில் டிபன் முடித்துக் கரையேறும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும் என்பது என் ஊகம். அந்நேரத்துக்குள் தண்ணீருக்கும் சேற்றுக்கும் மேலே காற்று சூடேறிக் கானல் ஆடத் தொடங்கிவிடும். வெறுங்கண்ணுக்கு அது பிடிபடாது. இருநூறு மீட்டர் தொலைவில் இருக்கும் வாத்தை லென்ஸ் பெரிதாக்கிக் காட்டும்போதுதான் இறகுகளின் விளிம்பு கரைந்து நிற்கும். ஃபோகஸ் தவறிவிட்டது என்று நாம் கேமராவைத் திட்டுவோம். 600 மி.மீ. மாட்டினால் வாத்தோடு சேர்ந்து கானலும் இருமடங்கு பெரிதாகும், அவ்வளவுதான். கானலுக்கு மருந்து இரண்டு: சீக்கிரம் போவது, பறவை பக்கத்தில் இருக்கும்போது எடுப்பது. காருக்குள் இருந்து எடுப்பவர்கள் ஏசியை முன்கூட்டியே அணைத்துக் கண்ணாடியையும் இறக்கிவிட வேண்டும். உள்ளிருக்கும் குளிர்ந்த காற்றும் வெளிக்காற்றும் ஜன்னலில் கலந்தால் லென்ஸின் வாயிலேயே கானல் உண்டாகிவிடும்.

மாதத்துக்கு மாதம் வெளிச்சமும் மாறுகிறது. மார்கழித் தொடக்கத்தில் வேடந்தாங்கல் பக்கம் நண்பகல் சூரியனே சுமார் 54 பாகை உயரத்தோடு நின்றுவிடும். பங்குனி முதல் வாரத்தில் அது 77 பாகைக்கு ஏறிவிடுகிறது. அதனால் மார்கழியில் ஒன்பது மணி வரை கிடைக்கிற சாய்வெயில் பங்குனியில் எட்டு மணிக்கே தீர்ந்துபோகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் நீர்ப்பறவைப் படத்தைத் தீர்மானிப்பது ஏரியின் நீர்மட்டம். வடகிழக்குப் பருவமழை பெய்து கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்போது போனால் பறவைகள் எட்டாத தூரத்தில் சிதறிக் கிடக்கும். சுற்றுவட்டாரத்தில் வயலிலும் குட்டையிலும் எங்கும் தண்ணீர், எங்கும் இரை. அவை உங்கள் கரையோரம் வர வேண்டிய அவசியமே இல்லை. தை பிறந்து தண்ணீர் இறங்க இறங்க, ஏரியின் உள்வாய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். முழங்கால் ஆழம் ஆனதும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வரும். இவை முங்கி நீந்துகிற சாதி அல்ல. தலையைக் கவிழ்த்து, வாலை மேலே தூக்கி மேய்பவை. கணுக்கால் ஆழம் ஆனால் நெடுங்கால் உள்ளான், அரிவாள்மூக்கன். மாசி, பங்குனியில் மீன்களெல்லாம் சில மடுக்களில் ஒதுங்கும்போது மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் கூழைக்கடாவும் ஒரே இடத்தில் தோளோடு தோள் உரசி நிற்கும். அப்போது 300 மி.மீ. தாராளம். சில நாட்களில் அதுகூட அதிகமாகிப் பின்னால் நகர வேண்டியிருக்கும்.

பறவையின் உடையும் இதே காலத்தில்தான் முழுமை பெறுகிறது. ஐப்பசியில் வந்திறங்கும் ஆண் வாத்துகளைப் பார்த்து ஏமாறாதவர் குறைவு. வடக்கே இனப்பெருக்கம் முடிந்து இறகு உதிர்த்த கோலத்தில், பெட்டையைப் போலவே மங்கிய பழுப்பாக இருக்கும். மார்கழி, தைக்குள் ஊசிவால் ஆணின் சாக்லேட் நிறத் தலையும் வெள்ளைக் கழுத்துக் கோடும் எடுப்பாகிவிடும். நீலச்சிறகி இன்னும் தாமதம். அதன் புருவக்கோட்டை நன்றாகப் பார்க்க மாசி வரை பொறுக்க வேண்டும். பங்குனியில் மடையானின் முதுகு கருஞ்சிவப்பாகிறது, உண்ணிக்கொக்கின் தலை ஆரஞ்சாகிறது. ஆகவே ஒரே ஏரிக்கு மாதம் ஒரு தடவையாவது போவது, மாதம் ஒரு புது ஏரி தேடி ஓடுவதைவிட மேலானது. தாம்பரத்தில் இருந்துகொண்டு வேடந்தாங்கலைத்தான் முதலில் நினைக்க வேண்டுமா? பெரும்பாக்கம் இருக்கிறது, பள்ளிக்கரணை இருக்கிறது. வேடந்தாங்கல் கூடு கட்டும் பறவைகளுக்கான இடம். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள்தான் அங்கே வசதி. வாத்துகள்தான் வேண்டுமென்றால் அங்கிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் கரிக்கிலிக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் அங்கே குறைவு.

காற்றைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. பறவைகள் காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். மார்கழி, தையில் வாடை வீசும் காலையில் வந்திறங்கும் ஒவ்வொரு பறவையின் முகமும் வடக்கே திரும்பியிருக்கும். நீங்கள் கிழக்குக் கரையில் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால், வெயில் விழுந்த பக்கவாட்டுத் தோற்றம் முழுதாகக் கிடைக்கும். மாசி பிறந்த பிறகு கடலோர மாவட்டங்களில் பிற்பகலில் கடற்காற்று எழும்பும். மாலை வெயிலுக்காக மேற்குக் கரையில் நிற்பவருக்கு இறங்கும் பறவைகள் முதுகைத்தான் காட்டும். அதனால் கடற்கரைப் பக்கத்து ஏரிகளில் பின்பருவ மாலைகளை நான் பறவைக்காகச் செலவிடுவதில்லை. அவற்றை வானத்துக்கும் தண்ணீருக்கும் விட்டுவிடுவேன்.

வெளுத்த கொக்கும் கறுத்த நீர்க்காகமும் கேமராவின் மீட்டர் செய்த வேலை. அதற்கு எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கிவிட வேண்டும். ஃபிரேம் முழுக்கக் கடம்பிலையின் கரும்பச்சை இருந்தால் அதைத் தூக்கி வெளிச்சமாக்கும். நடுவில் உட்கார்ந்த கொக்கின் இறகு விவரமெல்லாம் போயிற்று. மின்னுகிற தண்ணீரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய் இருட்டாக்கும்; நாமக்கோழி கறுப்பாகிவிடும். வெயில் சீராக இருக்கும் காலையில் மேனுவலுக்கு மாறிவிடுங்கள். ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். முழு வெயிலில் நிற்கும் ஒரு வெள்ளைக் கொக்கைச் சோதனைக்கு எடுத்து, திரையில் வெளுப்பு எச்சரிக்கை சிமிட்டுவது நிற்கும்வரை எக்ஸ்போஷரைக் குறையுங்கள். அதன்பிறகு பறவை மரத்துக்கு முன்னால் பறந்தாலும் வானத்துக்கு முன்னால் பறந்தாலும் அளவைத் தொட வேண்டாம். பறவை மீது விழும் வெயில் மாறவில்லையே! வெயில் ஏறும்போது மட்டும் மறுபடி சோதியுங்கள். கறுப்புப் பறவை மட்டும் தனியே இருந்தால் ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளலாம். ரா ஃபைலில் எடுப்பது நல்லது. ஷட்டர் வேகம் சிறகடித்துப் பறக்கும் வாத்துக்கு 1/2000, மிதந்து வரும் நாரைக்கு 1/1000 போதும்.

கேமராவைவிடக் கண் செய்யும் வேலை அதிகம். குளிக்கிற வாத்து தலையைத் திரும்பத் திரும்பத் தண்ணீரில் முக்கினால் விரலை ஷட்டரில் வைத்துக் காத்திருங்கள். குளித்து முடித்ததும் எழும்பி நின்று சிறகை உதறும். நாரை எச்சமிட்டுவிட்டு உடம்பைத் தாழ்த்தினால் பெரும்பாலும் கிளம்பப் போகிறது. வெயில் உச்சிக்கு ஏறும்போது மஞ்சள்மூக்கு நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும். கானல் அடிக்கும் நேரத்திலும் எடுக்கத் தகுந்த காட்சி அது, மரம் பக்கத்தில் இருந்தால். கூந்தன்குளத்தில் பட்டைத்தலை வாத்துகள் இரவில் வயல்களில் மேய்ந்துவிட்டுக் காலையில் குளத்துக்குத் திரும்பும். இமயத்தைத் தாண்டி வருகிற அந்தக் கூட்டம் வரிசை கலையாமல் வந்து இறங்குவதை எடுக்க, விடியும்போதே குளக்கரையில் இருக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் போனால் விட்டுவிடாதீர்கள்.

பறவையும் நிலமும் சேர்ந்த படத்துக்கு உங்கள் லென்ஸின் 70 மி.மீ. முனையே நல்ல கருவி. மொபைலையும் இகழ வேண்டாம். பறவை சிறிதாக இருப்பதைக் குறையாக எண்ணாதீர்கள். அதன் உருவம் தெரிந்தால் போதும். கரண்டிவாயன் பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருங்கள், நேராகப் பார்க்கும்போது அதன் அலகு காணாமல் போய்விடும். இரண்டு பறவைகள் ஒன்றையொன்று மறைத்தால் எடுக்காதீர்கள். விடியற்காலையில் காற்று எழும்புவதற்கு முன்தான் தண்ணீர் அசையாமல் பிம்பம் காட்டும். அப்போது போலரைசர் ஃபில்ட்டரைக் கழற்றிவிடுங்கள், வேண்டிய பிம்பத்தையே அது தின்றுவிடும். மார்கழிப் பனிமூட்டத்தில் நிறம் எதுவும் தேறாது என்று பலர் கேமராவை மூடிவிடுகிறார்கள். நம் காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் கடைசிவரை கறுப்பு வெள்ளையில்தான் படமெடுத்தார். பனியில் நிற்கும் பனைமரங்களையும் அவற்றுக்குக் கீழே மங்கலாகத் தெரியும் நாரைகளையும் நீங்களும் கறுப்பு வெள்ளையில் ஒருமுறை பாருங்கள். இன்னொன்று: பள்ளிக்கரணையில் அடுக்குமாடிகளையும் மின்கம்பிகளையும் ஃபிரேமிலிருந்து ஒதுக்க எல்லோரும் படாதபாடு படுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூழைக்கடாவுக்குப் பின்னால் ஐடி கம்பெனிக் கட்டடம் நிற்பதுதான் அந்தச் சதுப்புநிலத்தின் உண்மையான தோற்றம்.

நிற்கிற உயரமும் முக்கியம். கரையின் மேலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் பறவைக்குப் பின்னால் அழுக்குத் தண்ணீர்தான் வரும். அனுமதி உள்ள இடத்தில், கரைச் சரிவில் இறங்கி உட்கார்ந்து, முடிந்தால் படுத்து, பறவையின் கண்மட்டத்துக்கு வாருங்கள். பின்னணி தூரத்துக்குப் போய்த் தானாகவே மங்கும். உட்கார்ந்திருப்பவரைப் பறவைகள் சீக்கிரம் மறந்தும் விடும்.

எவ்வளவு நெருங்கலாம் என்பதை வாத்தே சொல்லும். மேய்ச்சலை நிறுத்திக் கழுத்தை நீட்டினால் அங்கேயே நின்றுவிடுங்கள். கூட்டமாக உங்களைவிட்டு விலகி நீந்தத் தொடங்கினால் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டுபவர்களையும் கல்லெறிபவர்களையும் பார்த்திருக்கிறேன். பங்குனியில் இந்த வாத்துகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிப் பறப்பதற்காக உடம்பில் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்தச் சேமிப்பில் கை வைக்கிறோம். கூட்டிலிருந்து தாய்நாரை எழுந்தால் குஞ்சுக்கு வெயில் ஒரு பக்கம், காகம் இன்னொரு பக்கம். ட்ரோன் வேண்டவே வேண்டாம். வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் பறவைகள் மனிதருக்கு இவ்வளவு பக்கத்தில் கூடு கட்டுவது அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்ததால். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. நாம் விருந்தாளிகள், அந்தக் கணக்கைக் கெடுக்கக் கூடாது.

உங்கள் நண்பருக்கும் ஒரு நியாயம் உண்டு. சிறு உள்ளான்களையும் நடு ஏரி வாத்துகளையும் இறகு இறகாக எடுக்க 600 மி.மீ. உதவும்தான். வரும் கார்த்திகையிலிருந்து பங்குனி வரை கையில் உள்ள லென்ஸோடு ஒரே ஏரியைத் தொடர்ந்து பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டுமென்று தோன்றினால் முதலில் வாடகைக்கு எடுங்கள். சென்னையில் நாள் கணக்கில் கிடைக்கிறது.