சீந்தில் பொடியும் ஒரு தட்டு ஈரல் செல்லும்

2020 கடைசியில் எங்க வீட்டு ஷெல்ஃப்ல ஒரு பாட்டில் வந்து உட்கார்ந்தது. லேபிள்ல ‘கிலோய்’ன்னு போட்டிருந்தது. ஏதோ வடநாட்டுச் சரக்குன்னு நினைச்சேன். வேடசந்தூர்ல இருந்து வந்த அம்மாச்சி அதை மோந்து பார்த்துட்டு, “இது நம்ம வேலியில ஏறிக் கெடக்குற சீந்தில்டா, இதுக்கா காசு குடுத்தீங்க?”ன்னு சிரிச்சாங்க. நான் படிச்சதெல்லாம் இங்கிலீஷ் மீடியம். அந்தக் கொடியைத் தினமும் பார்த்திருக்கேன், பேரு தெரியாது.

வீட்ல நாலு பேரும் ரெண்டு மாசம் குடிச்சோம். கசப்பைத் தவிர ஒண்ணும் ஆகலை. ஆனா அதே நேரம், 2020 செப்டம்பர்ல இருந்து டிசம்பருக்குள்ள, மும்பையில் சீந்தில் குடிச்ச 6 பேருக்கு ஈரல் பாதிப்பு வந்ததா அங்கிருக்கிற டாக்டர்கள் 2021-ல் ஒரு ஆய்விதழ்ல எழுதினாங்க. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அவங்க குடிச்சது சீந்தில்தானான்னு யாரும் சோதிக்கலை, பார்க்க அதே மாதிரி இருக்கிற வேற டினோஸ்போரா இனமா இருக்கலாம்னு சொன்னது. அது நியாயமான கேள்விதான். 2022-ல் நாடு முழுக்க 13 மருத்துவமனைகள் சேர்ந்து 43 நோயாளிகளை வெச்சு இன்னொரு ஆய்வு வெளியிட்டாங்க. இந்தத் தடவை கிடைச்ச பொடிகளை லேப்லயும் சோதிச்சாங்க. பலருக்குக் குடிக்க ஆரம்பிச்சு ஒன்றரை மாசம் வாக்கில் அறிகுறி வந்திருக்கு. இதுல முக்கியமான விஷயம், பாதிப்பு ‘ஆட்டோஇம்யூன்’ வகை மாதிரி இருந்தது. அதாவது உடம்போட சொந்தக் காவல்படையே ஈரலைத் தாக்குற மாதிரி.

எங்க வீட்ல நாலு பேருக்கும் ஒண்ணும் ஆகாத பொடி அவங்களுக்கு மட்டும் ஏன் இப்படிச் செஞ்சது? இதை விக்கிறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா? ஸ்டெம் செல்லை வெச்சு முடியும்னு இப்போ நிறையப் பேர் சொல்றாங்க. எந்த அளவுக்கு உண்மைன்னு பார்க்கலாம்.

முதல்ல செல் எங்கிருந்து வருது? 2006-ல் ஷின்யா யமனாகா எலியோட தோல் செல்லுக்குள்ள நாலே நாலு ஜீனைச் செலுத்தி, அதைக் கருவில் இருக்கிற ஆரம்ப நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோனார். 2007-ல் மனுஷ செல்லுலயும் செஞ்சாச்சு. 2012-ல் நோபல். இதுக்குப் பேரு ஐபிஎஸ் செல். இதுக்கு முட்டையோ கருவோ வேண்டாம், ஒரு டியூப் ரத்தம் போதும். அந்தச் செல்லுக்கு ஒரு குறிப்பிட்ட வரிசையில் வளர்ச்சிக் காரணிகளைக் கொடுத்தா, மூணு வாரம் போல ஆகும், ஈரல் செல் மாதிரி மாறி ஆல்புமின் சுரக்க ஆரம்பிக்கும்.

“ஏன் இவ்வளவு கஷ்டம், லேப்ல ஏற்கெனவே ஹெப்ஜி2 இருக்கே”ன்னு பயோடெக் நண்பன் கேட்டான். ஹெப்ஜி2 ஈரல் புற்றுநோய்ச் செல். மலிவு, வேகமா வளரும். ஆனா ஈரலோட முக்கியமான வேலையை அது சரியாச் செய்யாது. பாராசிட்டமால் உதாரணம் பாருங்க. அளவுக்கு மீறினா ஈரலைக் கெடுக்குறது பாராசிட்டமால் நேரடியா இல்லை. ஈரல்ல இருக்கிற ‘சிப்’ என்சைம்கள் அதை உடைக்கும்போது வர்ற நாப்கி-ங்கிற பொருள்தான் கெடுக்குது. சிப் குறைவா இருக்கிற ஹெப்ஜி2-ல் அந்த விஷமே சரியா உருவாகாது. செல் ஜாலியா உயிரோட இருக்கும், நாமளும் ‘பாதுகாப்பானது’ன்னு எழுதிடுவோம்! ஐபிஎஸ் ஈரல் செல் இதைவிடப் பரவாயில்லை. ஆனா அதுவும் முழுசா வளர்ந்த ஈரல் இல்லை. கருவுல இருக்கிற சிசுவோட ஈரல் சுரக்கிற ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீனை இன்னும் விடாம சுரந்துக்கிட்டு இருக்கும்.

சோதனை எப்படி நடக்கும்? 96 குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழிக்குக் குழி செல். சீந்தில் தண்டைத் தண்ணியில ஒரு சாறு, ஆல்கஹால்ல ஒரு சாறு எடுத்து, படிப்படியா நீர்த்துப் பல அளவுகள்ல ஊத்தணும். சில குழிகளுக்குச் சாறு கரைஞ்ச திரவத்தை மட்டும் ஊத்தணும். சிலதுக்கு, கண்டிப்பாச் செல்லைக் கொல்லும்னு தெரிஞ்ச மருந்து. ரெண்டு மூணு நாள் கழிச்சு எத்தனை செல் உயிரோட இருக்குன்னு அளந்து, பாதி செல் சாகுற அளவைக் கிராஃப்ல கண்டுபிடிக்கணும்.

இங்கதான் மூலிகைக்காரங்க பலர் வழுக்கி விழுறாங்க. எம்டிடி-ன்னு ஒரு மஞ்சள் சாயம், உயிரோட இருக்கிற செல் அதை ஊதாவா மாத்தும். ஆனா ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய இருக்கிற செடிச்சாறு, செல்லே இல்லாத வெறும் குழியிலயும் அதை ஊதா ஆக்கிடும். செத்த செல்லுக்கு உயிர் இருக்குன்னு கருவி சொல்லும். அதனால சாறு மட்டும், செல் இல்லாம, ஒரு வரிசை கட்டாயம் வேணும். புராஜெக்ட் பண்றவங்க இதை நோட்ல எழுதிக்கோங்க. ரிவ்யூல கேட்பாங்க.

அடுத்தது அளவு. வயித்துக்குப் போறதெல்லாம் ஈரலுக்கு அப்படியே போறதில்லை. மஞ்சள்ல இருக்கிற குர்குமின் ரத்தத்துல ரொம்பக் கம்மியாத்தான் ஏறும். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்குமினோட 20 மில்லிகிராம் மிளகுச் சத்து பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தாங்க. ரத்தத்துல சேர்றது 2000 சதவீதம் கூடுச்சு. இப்போ விக்கிற மஞ்சள் கேப்சூல்கள்ல மிளகுச் சத்து இருக்கிறது இதனாலதான். ரசத்துல போடுற மஞ்சளும் மிளகும் வேற, இது வேற.

அந்த மஞ்சள் கேப்சூல் கதை அமெரிக்காவுல தொடருது. அங்க ஈரல் பாதிப்புப் பதிவு செஞ்ச 10 பேரைப் பார்த்தப்போ, 7 பேருக்கு எச்எல்ஏ-பி 35:01-ங்கிற ஜீன் வகை இருந்தது. எச்எல்ஏ-ன்னா, ‘இது நம்ம ஆள், இது வெளியாள்’ன்னு காவல்படைக்கு அடையாளம் காட்டுற புரதம். கிரீன் டீ சாறு குடிச்சு ஈரல் பாதிச்சவங்ககிட்டயும் இதே வகை கண்டுபிடிச்சிருக்காங்க. அப்போ தப்பு பொடியில மட்டும் இல்லை, குடிக்கிறவங்க ஜீனோட அது சேர்ற சேர்க்கையில இருக்கு.

இப்போ சீந்திலுக்குத் திரும்புவோம். என் கருத்து இது: நான் மேல சொன்ன தட்டுல சீந்திலை ஊத்தியிருந்தா, அது பெரும்பாலும் பாஸ் ஆகியிருக்கும். ஏன்னா தட்டுல ஈரல் செல் மட்டும்தான் இருக்கு, தாக்குற காவல்படை இல்லையே! ‘ஸ்டெம் செல் டெஸ்டட்’னு நாளைக்கு ஒரு லேபிள் வந்தா, அந்தத் தட்டுல என்ன இருந்துச்சு, யாரோட செல்னு கேட்கணும்.

ஐபிஎஸ்-ஓட உண்மையான பலம் இந்த ‘யாரோட’ங்கிற இடத்துலதான் இருக்கு. பாதிக்கப்பட்டவர்கிட்ட இருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதுல இருந்து அவரோட ஈரல் செல்லை வளர்த்து, அவரோட டி செல்களையும் அதே தட்டுல விட்டு, அவர் குடிச்ச அதே பொடியை ஊத்திப் பார்க்கலாம். பக்கத்துல, அதே பொடியைக் குடிச்சு ஒண்ணும் ஆகாத எங்க அம்மா மாதிரி ஒருத்தரோட செல். வித்தியாசம் தெரிஞ்சா அது பதில். செலவு அதிகம், மாசக்கணக்கில் ஆகும். ஆனா நம்ம ஊர்ல நடக்காத காரியம் இல்லை. வேலூர் சிஎம்சி வளாகத்துல இருக்கிற ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்துல ஐபிஎஸ் செல் உருவாக்குற வேலை நடந்துக்கிட்டுத்தான் இருக்கு.

சட்டம் இன்னும் அங்க வரலை. 2023-ல் மருந்துகளுக்கான விதியைத் திருத்தி, விலங்குச் சோதனைக்குப் பதிலா மனுஷ செல், ஆர்கன் சிப் எல்லாம் பயன்படுத்தலாம்னு சேர்த்தாங்க. அது புது மருந்துக்கு. சப்ளிமென்ட் உணவுச் சட்டத்துக்குள்ள வருது. டப்பாவுல இருக்கிற 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், அந்தக் கம்பெனிக்கு உணவு வியாபாரம் செய்ய லைசென்ஸ் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். உள்ள இருக்கிற பொடியை யாரோட செல்லுலயோ சோதிச்சதா அர்த்தம் இல்லை.

இதை எழுதும்போது அம்மாவுக்குப் போன் பண்ணி அந்தப் பாட்டில் எங்கன்னு கேட்டேன். பாதி அப்படியே இருக்காம். “தூக்கிப் போட்டுடவா?”ன்னாங்க. வேண்டாம், லேபிளோட எடுத்து வைங்கன்னேன். எனக்கு அந்தச் சாறு எம்டிடி-யை வெறும் குழியில எவ்வளவு ஊதா ஆக்குதுன்னு பார்க்கணும்.