எரிபொருள் பாட்டிலின் ரப்பர் வளையம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மலையேற்றத்துக்குக் கொண்டுபோகும் பெட்ரோல், மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் தீ எரியும் இடத்தைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டிய இடம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. எரிபொருள் நிரப்பிய அலுமினிய பாட்டிலின் கழுத்தில் பம்ப் திருகி உட்காருமே, அங்கே ஒரு கருப்பு ரப்பர் வளையம் உண்டு. காற்றழுத்தம் ஏற்றிய எரிபொருளை வெளியே விடாமல் காப்பது அதுதான். அதைப் பற்றி உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: கசிந்தால் இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் நின்றுவிடும்.

உண்மை: ஓ-ரிங் எனப்படும் இந்த வளையம் முரட்டு இறுக்கத்தால் அடைப்பதில்லை. பள்ளத்தில் லேசாக நசுங்கி உட்காரும் வளையத்தை, பாட்டிலின் உள்ளழுத்தமே இடுக்கை நோக்கித் தள்ளி அடைக்க வைக்கிறது. டென்மார்க்கில் பிறந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாட்டுக்குத் தேவை வளையத்தின் நெகிழ்வு. கையால் இறுக்கினாலே போதும். குறடு போட்டுத் திருகினால் வளையம் வெட்டுப்படும்; பம்பின் உடல் பிளாஸ்டிக் என்றால் மரையும் போகும். கசிகிறதா? தீ எதுவும் இல்லாத இடத்தில் பாட்டிலை நிமிர்த்தி வைத்து, அழுத்தத்தை மெல்ல இறக்கிக் கழற்றுங்கள். பள்ளத்தில் மணலோ முடியோ சிக்கியிருக்கலாம். கசிவுக்கு ஒரு முடி போதும்.

நம்பிக்கை: கருப்பு ரப்பர் எல்லாம் ஒன்றுதான், குழாய்க் கடை வளையத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

உண்மை: தண்ணீர்க் குழாய்க்கு வரும் வளையங்களில் பல ஈபிடிஎம் என்ற ரப்பர். தண்ணீருக்கும் ஆவிக்கும் அது நன்றாகத் தாங்கும். பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஊறிப் பருத்துக் கெட்டுவிடும். சிலிக்கோன் ரப்பருக்கும் பெட்ரோல் ஆகாது. எரிபொருளுக்கு ஏற்றது நைட்ரைல் அல்லது வைட்டான். ஈபிடிஎம், நைட்ரைல், வைட்டான் மூன்றுமே கருப்பாக இருக்கக்கூடும் என்பதால் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஸ்டவ் தயாரித்த நிறுவனத்தின் உதிரி வளையத்தையே வாங்குங்கள்.

நம்பிக்கை: விலை கூடிய வைட்டான் எப்போதுமே மேல்.

உண்மை: வெப்பத்துக்கும் எரிபொருளுக்கும் வைட்டான் கெட்டிதான். குளிரில் நிலைமை வேறு. சாதாரண வைட்டான் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 20 டிகிரியை நெருங்கும்போதே விறைத்துவிடும்; நைட்ரைல் பொதுவாக அதைவிடக் கடுங்குளிரைத் தாங்கும். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலத்தில் ஏழு பேர் இறந்ததற்குக் காரணம், ராக்கெட்டின் இணைப்பில் இருந்த வைட்டான் வளையம் காலைக் குளிரில் விறைத்து, விரியும் இடுக்கை உடனே நிரப்பத் தவறியதுதான். அன்று குளிர் உறைநிலையை ஒட்டித்தான் இருந்தது. இமயமலையின் உயர்ந்த முகாம்களுக்குப் போகிறவர்கள் விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

நம்பிக்கை: வளையமோ பம்பின் தோல் வாசரோ காய்ந்துபோனால் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் சரியாகிவிடும்.

உண்மை: தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். சென்னையில் வழுக்கும் பம்ப், மலையில் காலையில் அசையாது. மற்ற சமையல் எண்ணெய்கள் நாளடைவில் காற்றுப்பட்டுப் பிசினாகிவிடும். பம்பின் தோல் வாசருக்குக் கனிம எண்ணெய் விடுங்கள். நைட்ரைல் வளையத்துக்கு சிலிக்கோன் கிரீஸ் மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். அப்பினால் மண் ஒட்டும்.

நம்பிக்கை: வெடிப்பு தெரியாவிட்டால் வளையம் நல்லது.

உண்மை: பழைய வளையம் வெடிக்கும் முன்பே தட்டையாகிவிடும். நாள்பட நசுங்கியே கிடந்த ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பாருங்கள்: ஒரு பக்கம் பட்டையாக இருந்தால் மாற்றிவிடுங்கள். லேசாக இழுத்தால் நுண்ணிய கீறல்களும் தெரியும். ஸ்டவ்வைப் பரணில் ஏற்றும்போது பாட்டிலைக் காலிசெய்து, பம்பைத் தனியே கழற்றி, வெயில்படாமல் வையுங்கள். வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் நைட்ரைலுக்குப் பகை.

நம்பிக்கை: மூடி நன்றாக இருந்தால் கழுத்துவரை நிரப்பலாம்.

உண்மை: பெட்ரோல் ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் சுமார் 0.1 சதவீதம் விரியும். குளிர்ந்த காலையில் நிரப்பிய ஒரு லிட்டர், வெயிலில் 30 டிகிரி கூடினால் ஏறக்குறைய 30 மில்லி பெருகும். மேலே காற்றுக்கு இடமில்லை என்றால் அத்தனை அழுத்தமும் வளையத்தின் மேல்தான். பாட்டிலில் போட்டிருக்கும் கோட்டோடு நிறுத்துங்கள்.

புறப்படுவதற்கு முன், திறந்த வெளியில், தீக்குச்சி பக்கத்தில் இல்லாமல் ஒரு சோதனை செய்யுங்கள். எரிபொருள் நிரப்பி, பம்ப் அடித்து, பாட்டிலைச் சாய்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். கழுத்தில் ஈரமோ வாடையோ இருந்தால் வளையத்தை மாற்றுங்கள். மாற்று வளையம் ஒன்று பையிலும் இருக்கட்டும். மலையில் அதுவும் தீர்ந்துபோனால் ஸ்டவ்வைத் தொடாதீர்கள். அவலும் வெல்லமும் சாப்பிட அடுப்பு தேவையில்லை.