தரக் கட்டுப்பாடு இரும்புக்கு மட்டும்தானா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டிரெயினிங் போனவர்களுக்கு 'கோ, நோ-கோ' கேஜ் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் நுழையணும், மறுபக்கம் நுழையக் கூடாது. அவ்வளவுதான், பீஸ் பாஸ்! முதியோரையும் மனநோயாளிகளையும் ஆண்டுக்கணக்கில் பராமரிக்கும் இல்லங்களின் தரத்தை எந்த கேஜால் அளப்பது?

அளக்காமல் விட்டதன் விளைவை ஏர்வாடியில் பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6-ல் அங்கு ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

தரத்தை மூன்றாகப் பிரித்து அளக்கலாம் என்று 1966-ல் அமெரிக்காவில் டாக்டர் டோனபீடியன் எழுதினார்.

1. அமைப்பு: கட்டடம், படுக்கை, பணியாளர் எண்ணிக்கை.

2. செயல்முறை: மருந்து நேரத்துக்குத் தருகிறார்களா? எழ முடியாதவரை அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்கிறார்களா?

3. விளைவு: படுக்கைப் புண் வந்ததா? எடை குறைந்ததா? கீழே விழுந்தாரா?

முதலாவதை ஒரே நாளில் எண்ணிவிடலாம். மற்ற இரண்டையும் தினமும் குறித்தால்தான் தெரியும். நாம் கன்ட்ரோல் சார்ட் போடுவது மாதிரி, மாதாமாதம் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று புள்ளி வைக்க வேண்டும். புள்ளி மேலே ஏறினால் ஆயாவைத் திட்டிப் பயனில்லை. பாத்ரூம் தரை ஈரமா, இரவில் ஆள் குறைவா என்று காரணத்தைத் தேடணும். அதைச் சரி செய்து, மறுபடி எண்ணணும்.

ஆனால் ஒரு வித்தியாசம். போல்ட் வாய் திறக்காது, மனிதர் பேசுவார். நமக்குப் பக்கத்தில் முகப்பேரில் 'பான்யன்' இல்லம் இருக்கிறது. மனநலம் பாதித்து வீதியில் அலைந்த பெண்களுக்காக 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரு இளம் பெண்கள் தொடங்கிய அமைப்பு அது. குணமாகியும் குடும்பத்துக்குத் திரும்ப முடியாமல் நெடுநாள் தங்கியவர்களுக்காக 2015-ல் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தைத் தொடங்கினார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து, சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில், உதவியாளர் துணையோடு வாழ்கிறார்கள். என்ன சமைப்பது, எப்போது கடைக்குப் போவது என்பதை அவர்களே முடிவு செய்யலாம். சுத்தமான படுக்கையை எண்ணும் படிவத்தில் இதற்குக் கட்டமே கிடையாது!

எனவே நண்பர்களே, நம் வீட்டுப் பெரியவரை ஓர் இல்லத்தில் சேர்க்க நேர்ந்தால், டைல்ஸ் தரையைப் பார்த்து மயங்க வேண்டாம். விழுந்தவர் கணக்கு நோட்டைக் கேளுங்கள். இரவில் எத்தனை பேர் டியூட்டி என்று கேளுங்கள். கடைசியாக, அங்கே இருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க இஷ்டப்படி இங்க என்ன செய்ய முடியும்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலே சரியான கேஜ்.