நீர் பிரியும் மேடு: புனேயிலிருந்து கொங்கணக் கடலுக்கு ஒரு மிதிவண்டிச் சுற்று

புனே நகரில் பயிலும் நம் மாணவர்க்கு மிதிவண்டி புதிதன்று. ஒரு காலத்தில் இந்நகரையே சைக்கிள் நகரம் என்று அழைத்தார்கள். ஆலைத் தொழிலாளியும், ஆசிரியரும், கல்லூரிப் பெண்களும் மிதிவண்டியிலேயே சென்ற காலம் அது. ஸ்கூட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் வந்து அந்தப் பெயரைத் தின்றுவிட்டன. ஆயினும் ஞாயிறு விடியலில் சாந்தனி சவுக் பக்கம் சென்று நின்று பாருங்கள். தலைக்கவசம் அணிந்தவர்கள் கூட்டம் கூட்டமாக மேற்கு நோக்கி மிதித்துப் போவதைக் காணலாம். அவர்களுள் பெரும்பாலோர் முல்ஷி ஏரி வரை சென்று தேநீர் அருந்தித் திரும்பிவிடுவர். ஏரிக்கு அப்பாலும் சாலை போகிறது, கடல்வரை போகிறது, வேறொரு வழியாகத் திரும்பியும் வருகிறது. அந்தச் சுற்றைப் பற்றியதே இக்கட்டுரை.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். புனேயிலிருந்து பௌட், முல்ஷி வழியாகத் தாம்ஹிணிக் கணவாய். அதில் இறங்கினால் மாண்காவ். அங்கிருந்து மஸ்ளா வழியாகக் கடற்கரை ஊரான ஸ்ரீவர்தன். அதன் தெற்கே ஹரிஹரேசுவர். பாக்மாண்ட்லாத் துறையில் படகேறிச் சாவித்திரி ஆற்றின் கழிமுகத்தைக் கடந்தால் வேஸ்வி. பிறகு மண்டண்கட், மஹாட். மஹாட்டிலிருந்து வரந்தாக் கணவாய் ஏறி, போர் என்னும் ஊர் (சண்டை அன்று, ஊரின் பெயரே அது) வழியாகப் புனே. எல்லாம் சேர்ந்து 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பந்தயக்காரர் இரண்டு நாளில் முடிப்பர். நமக்கு ஐந்து நாள் வேண்டும். ஐந்து நாளும் வீண் போகாது.

அழகுக்காகவே இவ்வழி செல்வோர் உண்டு. அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் சுற்றைத் தண்ணீரைப் பற்றிய பாடம் என்றே நான் சொல்வேன். காரில் செல்பவனுக்கு அந்தப் பாடம் கிட்டாது. ஏற்றமும் இறக்கமும் அவனுக்கு எஞ்சினின் ஓசையில் ஒரு சிறு மாற்றம், அவ்வளவுதான். மிதிப்பவனோ ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் தன் உடம்பால் விலை கொடுக்கிறான். நீரின் போக்கை முடிவு செய்வதும் அந்த உயரமே.

புனே கடல்மட்டத்திற்கு மேல் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே செல்லச் செல்ல நிலம் மெல்ல உயர்ந்து சகயாத்திரியின் விளிம்பை அடைகிறது. விளிம்பைத் தாண்டியதும் சுவர்போல் சரிந்து கொங்கணத்தில் இறங்கிவிடுகிறது. கிழக்குப் பக்கம் சாய்தளம், மேற்குப் பக்கம் செங்குத்து. அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்று இந்தச் சுவரில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, மழையைக் கொட்டுகிறது. தாம்ஹிணியில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. அங்கிருந்து ஒருநாள் மிதிக்கும் தொலைவிலுள்ள புனேயில் 700 மில்லிமீட்டரை ஒட்டியே பெய்கிறது. முல்ஷிச் சாலையில் செல்லும்போது மரங்களைக் கவனித்துக்கொண்டே போனால் இந்தக் கணக்கு கண்ணுக்கே தெரியும்: முட்செடிகள் குறைந்துகொண்டே வந்து, பசுங்காடு கூடிக்கொண்டே போகும்.

இந்த விளிம்பில் பிறக்கிறது மூளா ஆறு. பறவை பறக்கும் கணக்கில் அரபிக்கடல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆறோ அந்தக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே ஓடுகிறது. புனேயில் மூடாவோடு கூடி, பீமாவில் சேர்ந்து, கிருஷ்ணையாகி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நடந்து வங்கக்கடலை அடைகிறது. குடகில் பிறக்கும் காவிரியும் இதே பிடிவாதக்காரிதான். மேட்டின் சாய்வு கிழக்கே இருப்பதால் நமக்குத் தஞ்சை கிடைத்தது. மூளாவின் நீருக்கும் நமக்கும்கூட ஓர் உறவு உண்டு. 1976-ல் மகாராட்டிரம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் கிருஷ்ணையில் தத்தம் பங்கிலிருந்து 5 டி.எம்.சி. வீதம் சென்னைக்கு விட்டுக்கொடுக்க இசைந்தன. 1996-ல் அந்த நீர் பூண்டி ஏரிக்கு முதன்முதலாக வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து இங்கு வந்திருக்கும் நண்பர்கள் முல்ஷி மேட்டில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மூளாவின் நீர் முழுவதும் கிழக்கே போகவில்லை. முல்ஷியில் டாட்டா மின் நிறுவனம் அணை கட்டி அதை மடக்கிவிட்டது. தேக்கிய நீரைக் குகைவழியாலும் பெருங்குழாய்களாலும் மலையின் மேற்கு விளிம்பிலிருந்து கீழே பீரா என்னுமிடத்திற்கு இறக்கி, 1927 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். பம்பாயின் ஆலைகளும் இரயில்களும் அந்த மின்சாரத்தில் ஓடின. உருளைகளைச் சுழற்றிய நீர் குண்டலிகா ஆற்றில் கலந்து அரபிக்கடலுக்குப் போய்விடுகிறது. நம் முல்லைப் பெரியாற்றில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1895-ல் மேற்கே ஓடிய பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பினார்கள், வயலுக்காக. இங்கே கிழக்கே ஓடியதை மேற்கே திருப்பினார்கள், விசைக்காக.

இவ்விடத்தில் சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கனமீட்டர் நீர் 500 மீட்டர் விழுந்தால் அதிலுள்ள ஆற்றல் 49 இலட்சம் ஜூல். வீட்டு மின்கணக்கில் சொன்னால் 1.36 யூனிட். இனி நம்மையே எடுத்துக்கொள்வோம். ஆள், வண்டி, மூட்டை எல்லாம் சேர்ந்து 80 கிலோ என்போம். 600 மீட்டர் ஏறுவதற்கு வேண்டியது 4,70,000 ஜூல். இது ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்குதான்! அறையிலே சுழலும் மின்விசிறி இரண்டு மணி நேரத்துக்குள் இதைத் தின்றுவிடும். நமக்கோ அதற்கு உயிர் போய் வருகிறது. பழகிய மாணவன் ஒருவனால் உயரம் ஏறுவதற்கென்று தொடர்ந்து 100 வாட் தர முடியுமானால், அந்த ஏற்றத்துக்கு 78 நிமிடம் ஆகும். தசை தான் உண்டதில் நாலில் ஒரு பங்கையே வேலையாக மாற்றும். மற்றது வெப்பமாகி வியர்வையில் போகும். ஆகவே ஏறி முடிக்க ஏறக்குறைய 450 கலோரி உணவு வேண்டும். எட்டு முதல் பத்து இட்டலி என்று வைத்துக்கொள்ளலாம். மலையடிவாரத்தில் இட்டலி கிடைக்காது. வடாபாவும் வாழைப்பழமும் கிடைக்கும்.

இறங்கும்போது அதே 4,70,000 ஜூல் திரும்பி வருகிறது. பீராவில் அது மின்சாரமாகிறது. நம் வண்டியில் ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ள, மற்றது பிரேக்கில் வெப்பமாகிறது. தாம்ஹிணி இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சக்கரத்தின் விளிம்பு கொதித்து டியூப் வெடிக்கும் அபாயம் உண்டு. வளைவுக்கு முன்னே நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்தே பயன்படுத்துக. எதிரே பேருந்து வளைவை வெட்டிக்கொண்டு வரும் என்று எண்ணியே இறங்குக.

முல்ஷி ஏரியின் அழகைப் புகழாதவர் இல்லை. அந்த நீரின் அடியில் நெல்வயல்கள் இருந்தன என்பதை அறிந்தோர் சிலரே. மாவள நாட்டு உழவர்களின் ஊர்கள் ஐம்பது அளவில் அணையால் பாதிப்புற்றன. 1921 ஏப்ரலில் அவர்கள் அணை வேலை நடக்கும் இடத்திலே போய் அமர்ந்து சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். பாண்டுரங்க மகாதேவ் பாபட் தலைமை தாங்கினார். அந்தப் போராட்டமே அவருக்குச் 'சேனாபதி' என்னும் பட்டத்தை நிலைக்கச் செய்தது. ஆண்களும் பெண்களும் சிறை சென்றனர். 1924 அளவில் போராட்டம் ஓய்ந்தது; அணை எழுந்தது. அணைக்கு எதிராக உலகில் எழுந்த முதல் மக்கள் கிளர்ச்சிகளுள் ஒன்று என்று இதைச் சொல்கிறார்கள். நகரத்துக்கு விளக்கு வேண்டும் என்பது உண்மை. அந்த விளக்குக்கு எண்ணெயாகத் தன் வயலைத் தருபவனை யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மையே.

மாண்காவிலிருந்து கடல்வரை உள்ள வழி சமதளம் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். செம்புரைக்கல் மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஏறு, இறங்கு, மறுபடியும் ஏறு. குளிர்காலத்தில்கூட நண்பகலுக்குப் பின் கடற்காற்று முகத்துக்கு நேரே வீசும். ஆகையால் விடியற்காலையிலேயே புறப்பட்டு நண்பகலுக்குள் கரை சேர்வது அறிவுடைமை. மாமரங்கள், முந்திரி, பிறகு தென்னையும் பாக்கும் நெருங்கிய தோட்டங்கள். கன்னியாகுமரி மாவட்டத்து நண்பர் ஒருவர் இங்கு வந்தால் தம் ஊருக்கே வந்துவிட்டதாக எண்ணுவார். மீன் குழம்பில் மட்டும் புளிக்குப் பதில் கோகம் இருக்கும். ஸ்ரீவர்தன் பாக்குக்குப் பெயர் பெற்ற ஊர். பேஷ்வா பாலாஜி விசுவநாதரின் சொந்த ஊரும் இதுவே. இங்கிருந்து மலையேறிப் போன குடும்பம்தான் பின்னர்ப் புனேயிலிருந்து ஆண்டது. நாம் இறங்கி வந்த திசையில் அவர்கள் ஏறினார்கள்.

ஹரிஹரேசுவரில் அலைகள் கரும்பாறையைத் தேன்கூடு போல் அரித்து வைத்திருக்கின்றன. நீரில்லாத நேரம் பார்த்தே அங்கே இறங்க வேண்டும். அலை ஏறும்போது பாறையில் நிற்பது உயிருக்கு உலை வைக்கும்.

பாக்மாண்ட்லாவில் வண்டிகளை ஏற்றும் படகிலே நம் மிதிவண்டிக்கும் இடம் உண்டு. அந்தப் படகு கடக்கும் சாவித்திரி ஆறு மகாபலேசுவரத்து மலையில் பிறந்தது. கிருஷ்ணையும் அங்கேதான் பிறக்கிறாள். ஒரே மலையுச்சியில் ஒன்று கிழக்கே சாய்ந்து ஆந்திரத்துக்குப் போயிற்று. மற்றொன்று மேற்கே சாய்ந்து இந்தத் துறைக்கு வந்துவிட்டது. பிறப்பிடத்தில் சில அடிச் சாய்வுதான் வேறுபாடு.

சாவித்திரிக்குக் கோபமும் உண்டு. 2016 ஆகஸ்டு 2-ஆம் நாள் இரவு, வெள்ளத்தில் மஹாட்டை அடுத்த ஆங்கிலேயர் காலத்துப் பாலம் இடிந்து, பேருந்துகள் ஆற்றில் விழுந்து பலர் மாண்டனர். அடுத்த ஆண்டே புதிய பாலம் கட்டினார்கள். இங்கே மும்பை–கோவா நெடுஞ்சாலையில் சிறிது தூரம் செல்ல நேரும், லாரிகள் மிகுதி, ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகவே செல்ல வேண்டும்.

மஹாட்டில் ஒருநாள் தங்குக. மேலே இராய்கட் கோட்டை இருக்கிறது. 1674-ல் சிவாஜி முடிசூடிய இடம். 1689-ல் இங்கிருந்து தப்பிய அவர் மகன் இராசாராம் நம் செஞ்சிக் கோட்டையில் வந்து அரசிருந்தார். ஆனால் கோட்டைக்கு முன்னே ஊருக்குள் உள்ள சவதார் குளத்தைப் பாருங்கள். பொதுநீர் நிலைகள் எல்லாருக்கும் உரியன என்று 1923-ல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானித்தது. அதை ஏற்று மஹாட் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தாளில் எழுதிக்கொண்டது. தாளிலே திறந்த குளத்தில் ஒடுக்கப்பட்டோர் கை வைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20-ஆம் நாள் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று அதில் ஒரு கை நீர் அள்ளிப் பருகினார். அதற்காக அவர்கள் அடிபட்டார்கள். குளத்தைப் பசுஞ்சாணத்தாலும் மந்திரத்தாலும் தூய்மை செய்ததாக மற்றவர் மகிழ்ந்தனர். வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய் 1937-ல்தான் முடிந்தது. தீர்ப்பு அம்பேத்கர் பக்கம். ஆண்டைக் கவனியுங்கள்: அதே 1927-ல்தான் பீராவில் முல்ஷி நீர் விசையைச் சுழற்றத் தொடங்கியது. ஒரு மலையையே தாண்டி நீரைக் கொண்டுபோகத் தெரிந்த நாட்டில், குளத்தின் நீர் நாலு படி தாண்டி ஒரு மனிதன் கைக்கு வர அத்தனை பாடு.

வரந்தாக் கணவாய் ஏற்றமே இச்சுற்றின் கடினமான பகுதி. நாம் முன்பு போட்ட கணக்கு முழுவதும் இங்கே வசூலாகும். சிறிய பல்சக்கரத்தில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்திலேயே மிதிக்க வேண்டும். குரங்குகள் உணவுப் பையைக் கண்டுகொள்ளும்; பையை மூடியே வைக்கவும். மழைக்காலத்தில் இங்கே மண்சரிவு மிகுதி. அம்மாதங்களில் சாலையை அடைத்துவிடுவதும் உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரையே ஏற்ற காலம். புறப்படுமுன் சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டறிவது இன்றியமையாதது.

உச்சியைத் தாண்டியதும் மீண்டும் கிழக்குச் சாய்வு. நீரா தேவ்கர் அணையின் ஏரி சாலைக்குத் துணையாக நெடுந்தூரம் வருகிறது. நீரா என்ற பெயரைக் கண்டு தமிழ்ச்சொல் என்று ஆராய்ச்சி தொடங்கிவிட வேண்டா! அந்த ஆறும் பீமாவுக்கே போகிறது. போரில் இரவு தங்கினால், மறுநாள் புனே 50 கிலோமீட்டரை ஒட்டிய தொலைவுதான். கடைசியாகக் காத்ரஜ் மேடு. அதிலிருந்து நகருக்குள் இறங்கும்போது தெரியும் ஏரியைப் பேஷ்வா நானாசாகேப் 1750-ஐ ஒட்டிக் கட்டுவித்தார். நிலத்தடிக் கால்வாய் வழியே அதன் நீர் சனிவார் வாடாவுக்கும் ஊர்த் தொட்டிகளுக்கும் சென்றது. அவர் ஸ்ரீவர்தன் பாலாஜி விசுவநாதரின் பேரன். ஏரிக்கரையை விட்டால் சுவார்கேட் வரை இறக்கம்தான். மிதிக்க வேண்டியதில்லை, பேருந்துகளுக்கு மட்டும் ஒதுங்கினால் போதும்.