நிமிடத்துக்கு 40 சொட்டு

முழங்கால் மூட்டு மாற்றி எட்டாவது மாதம், தழும்பு ஓரத்தில் சீழ் கசிந்தது. கிருமியின் பெயர் எம்ஆர்எஸ்ஏ. வழக்கமான மருந்துக்கு மசியாது, உலோகத்தின் மேல் படலம் கட்டி உள்ளே பதுங்கிக்கொள்ளும். பெங்களூரில் மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமென்ட் கட்டையை வைத்தார்கள். பிறகு ஆறு வாரம், நாளுக்கு இரண்டு வேளை, நரம்பில் வான்கோமைசின். மடங்காத காலோடு தினமும் அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்ட முடியுமா? மேல்கையில் பிக் லைன் என்ற நீண்ட மெல்லிய குழாயைப் போட்டு, எனக்கும் மனைவிக்கும் பழக்கிவிட்டு ஓசூருக்கு அனுப்பினார்கள்.

சிப்காட்டில் 27 வருடம் லேத் ஓட்டியவன் நான். வேகத்தைக் கூட்டினால் டூல் போகும் என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். அப்படிப்பட்டவன் மூன்றாம் நாளே, சீக்கிரம் முடியட்டும் என்று சொட்டு உருளையைத் தளர்த்தினேன். கால் மணியில் கழுத்தும் முகமும் சிவந்து ஒரே அரிப்பு. "ஏங்க, மொதல்ல அதை நிறுத்துங்க!" நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் போட்டோம். வேகமாக ஏற்றியதால் வந்தது என்றார். எனக்குச் சொன்ன கணக்கு: 1 கிராம், 200 மில்லி, 100 நிமிடம். என் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. ஆக நிமிடத்துக்கு 40. அதன்பின் டைட்டன் வாட்ச்சை எதிரில் வைத்து எண்ணினேன்.

மருந்தைவிட எனக்குப் பயம் லைனின் வாய்தான். ஸ்பிரிட் துடைப்பானால் 15 விநாடி அழுத்தித் தேய்த்து, காயவிட்டுத்தான் சிரிஞ்சைத் தொடுவேன். சலைன் செலுத்த 10 மில்லி சிரிஞ்ச் மட்டும். சின்ன சிரிஞ்சின் அழுத்தம் குழாயைக் கிழித்துவிடும். அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடவே கூடாது. மருந்து ஏறும்போது குளிர் நடுக்கம் வந்தால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை: சிறுநீரகத்துக்காக கிரியாட்டினின், கூடவே ரத்தத்தில் மருந்தின் அளவு. ஒருமுறை லேப் பையன் மருந்து ஏறி முடிந்தபின் வந்து ரத்தம் எடுத்தான். அளவு எக்கச்சக்கம், அந்த ரிப்போர்ட் குப்பைக்கு, பணமும் போச்சு. அடுத்த வேளைக்குச் சற்று முன்பு எடுக்க வேண்டிய ரத்தம் அது.

2021 ஆகஸ்ட் 5-இல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. லைனைப் பார்த்து வாரம் ஒருமுறை கட்டு மாற்றவும் ஒரு நர்ஸ் வந்தால் எவ்வளவு நிம்மதி!

இன்னொன்று: 2019-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரைப் பார்த்ததில் மாத்திரையும் ஊசிக்குச் சளைக்கவில்லை. எல்லாக் கிருமிக்கும் ஒத்துவராது. ஆனாலும் லைன் போடுமுன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், நான் கேட்கவில்லை.