மடிநோய் விழுது ஏன் சிவக்கிறது?

கேள்வி: எங்கள் பசுவுக்கு மடிநோய். சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசச் சொன்னார்கள். சுண்ணாம்பு சேர்ந்ததும் விழுது செக்கச்செவேலென்று ஆகிவிடுகிறது. நன்றாகச் சிவந்தால்தான் வீரியம் என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. சுண்ணாம்பைக் கூட்டிப் போடலாமா?
– வாசகி, ஒரத்தநாடு

பதில்: வேண்டாம் அம்மா, கூட்டாதீர்கள். கேள்வி அருமையானது, அரைக்கிற எல்லோரும் பார்ப்பதுதான், ஏனென்று கேட்பவர்கள் குறைவு.

சிவப்புக்கும் வீரியத்துக்கும் தொடர்பில்லை. மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள் குர்குமின். காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு நேரெதிரான குணம், உள்ள எது பட்டாலும் அது சிவக்கும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதனால்தான். சிவப்பதற்குச் சிட்டிகை சுண்ணாம்பே போதும். அளவை ஏற்றினால் மருந்து பலப்படாது. வெடித்த காம்பில் பட்டு எரியும், மாடு மடியைத் தொடவே விடாது.

பிறகு சுண்ணாம்பு எதற்கு? குர்குமின் வெறும் தண்ணீரில் கரையாது, காரத்தில் கரையும். ஆனால் அதே காரம் அதைச் சிதைக்கவும் செய்யும். ஐந்து நாளைக்குச் சேர்த்து அரைத்துக் குளிர்பெட்டியில் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அன்றன்றைக்கு அரைப்பதுதான் முறை.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி பரப்பிய, தேசிய பால்வள வாரியமும் பரிந்துரைக்கிற அளவு இது: கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். ஒரு கைப்பிடி விழுதை எடுத்து, 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து, மடி முழுக்கப் பூச வேண்டும். நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள்.

பூசுவதை விட முக்கியமான ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நோய்க்கிருமி காம்புத் துளை வழியாக உள்ளே போய், மடிக்குள் தேங்கிய பாலில்தான் பெருகுகிறது. எனவே ஒவ்வொரு முறையும் மடியைக் கழுவி, கெட்ட பாலை ஒட்டக் கறந்துவிட்டுப் பூசுங்கள். நோயுள்ள காம்பைக் கடைசியில் கறங்கள். அந்தப் பாலைக் கன்றுக்கு விடாதீர்கள், தொழுவத் தரையிலும் பீய்ச்சாதீர்கள். கறந்து முடித்ததும் தீவனம் வைத்தால் மாடு சிறிது நேரம் நின்று தின்னும். காம்புத் துளை மூடிக்கொள்ள அந்த அவகாசம் வேண்டும். உடனே தரையில் படுத்தால் கிருமி சுலபமாக ஏறிவிடும்.

மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தாலோ, தீனி எடுக்காமல் நின்றாலோ, மடி குளிர்ந்து நீலம் பாய்ந்தாலோ விழுதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணில் அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.